மைசூருக்கு ஒரு நாள்: ரயிலில் வரும் ஆய்வாளரை யார் எதிர்பார்க்கிறார்கள்?

பெங்களூரில் மொழியும் வரலாறும் ஆய்ந்து வரும் மாணவர்களுக்கு மைசூர் நகரமே ஒரு நூலகம். அர்த்தசாஸ்திரத்தின் சுவடியைச் சாமசாஸ்திரி 1905இல் கண்டறிந்தது அங்கிருந்த கீழைச்சுவடி நூலகத்தில்தான். 1909இல் அது அச்சேறியது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் அந்நகரில் இயங்குகிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2006இல் தொடங்கியதும் அந்நிறுவனத்தில்தான். சென்னைக்கு அது பின்னரே வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் பல பத்தாண்டுகள் மைசூரிலேயே இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழாய்வின் வரலாற்றில் மைசூர்ப் பயணத்துக்கும் ஓர் இடம் உண்டு.

அப்பயணத்தைக் கார் இன்றி ஒரே நாளில் முடிக்க இயலுமா? இயலும். அதற்கான பாதை ஏறத்தாழ 140 ஆண்டுகளாக இருந்து வருகிறது. தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், 1880களின் தொடக்கத்தில், இவ்விரு நகரங்களையும் மீட்டர் பாதை இணைத்தது. இன்று அது மின்மயமாக்கப்பட்ட அகல இரட்டைப்பாதை. சுமார் 140 கிலோமீட்டரை ரயில்கள் இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் கடக்கின்றன. விடியலில் புறப்படுபவர் முற்பகலில் நூலக மேசையில் அமர்ந்து, இரவில் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

ஆயினும் மைசூர்ப் பயணம் என்றவுடன் பொதுப்பேச்சில் முன்னிற்பது விரைவுச்சாலைதான். 2023 மார்ச் 12 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அச்சாலைத் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 8,480 கோடி ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதன் முதன்மைத் தடங்களில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. விபத்துகளைத் தடுக்க எடுக்கப்பட்ட அம்முடிவைக் குறைகூற இயலாது. ஆனால் விளைவு தெளிவானது: பேருந்துகளை விட்டால், அச்சாலையின் வேகம் கார் உடையவர்க்கே உரியது. உதவித்தொகையை நம்பி வாழும் மாணவருக்கு எஞ்சுவது ரயில்.

எஞ்சியது என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா என ஒவ்வோர் ஊரும் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி இறங்குகிறது. பெங்களூர்க் கன்னடம் மண்டியாக் கன்னடத்துக்கு வழிவிடுவதையும், தக்கினி உருதும் தமிழும் ஒரே இருக்கையை நெருக்கிப் பகிர்ந்துகொள்வதையும் அங்கே கேட்கலாம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஏறியவரின் மொழி மட்டுமே ஒலிக்கும். மொழியியல் மாணவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

குறை இருப்பது பாதையின் இரு முனைகளிலும் என்பது வழக்கமான வாதம். பெங்களூர் முனையில் மெட்ரோ நகர ரயில் நிலையத்தின் வாயிலுக்கே வருகிறது. மைசூர் முனையில் கீழையியல் ஆய்வு நிறுவனமும் மானசகங்கோத்ரி வளாகமும் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. 2017இல் ட்ரின் ட்ரின் என்ற பொது மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கிய நகரம் அது. உண்மையான குறை கல்வி நிறுவனங்களின் நடைமுறையில் இருக்கிறது. கருத்தரங்க அழைப்பிதழ்களில் கார் நிறுத்துமிடம் குறிக்கப்படும். நிலையத்திலிருந்து வரும் பேருந்தின் எண் குறிக்கப்படுவது அரிது. முதல் அமர்வு எத்தனை மணிக்குத் தொடங்கினால் காலை ரயிலில் வருபவர் அதில் இருக்க முடியும் என்று கேட்பவர் அதனினும் அரிது.

முதுமையாலோ உடல்நிலையாலோ கார் தேவைப்படுவோர் உண்டு. அவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். விடுமுறை நாட்களில் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நிற்கவும் இடம் இருப்பதில்லை என்பதும் மெய். அதற்கு விடை, கூடுதல் பெட்டிகளை ரயில்வேயிடம் கேட்பது. அக்கேள்வியைப் பேராசிரியர்களும் சேர்ந்து கேட்டால்தான் அதற்கு எடை கூடும். அவர்களும் ரயிலில் வந்தால்தான் கேட்கத் தோன்றும்.

இப்பாதையை இரட்டிப்பாக்குவதற்காக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு காலத்து ஆயுதக்கிடங்கு ஒன்றை 2017இல் இடிக்காமல், முழுக் கட்டடமாகவே நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். ஒரு வரலாற்றுச் சின்னமே ரயிலுக்காக இடம்பெயர்ந்தது. கருத்தரங்கின் தொடக்க நேரம் ஓர் அரைமணி நகரக் கூடாதா?