ஆய்வகக் குரங்குகளுக்கு 31 நாள் தனிமை: இந்த விதி உங்களுக்கு ஏன் முக்கியமானது?

உங்கள் வீட்டில் ஒருவர் புற்றுநோய்க்கோ முடக்குவாதத்திற்கோ உயிரியல் மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். அம்மருந்து மருத்துவமனையை வந்தடைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆய்வக விலங்குகளில் சோதிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் எலிகளில் தொடங்கும் இச்சோதனை, சில வகை மருந்துகளுக்குக் குரங்குகள் வரை செல்கிறது. அக்குரங்குகளில் பெரும்பகுதி வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் வருபவை. விலங்கோடு அதன் நோயும் வரலாம் என்பதால், அவை இறங்கியவுடன் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுவதில்லை. முதலில் தனிமைப்படுத்தப்படுகின்றன.

இந்தத் தனிமைக் காலம் எவ்வளவு, அதில் என்ன நடக்கிறது, அண்மைக் காலத்தில் அது ஏன் நெருக்கடிக்கு உள்ளாகியுள்ளது, நோயாளியாகவோ பராமரிப்பாளராகவோ நீங்கள் அறிய வேண்டியது என்ன ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது. ஆய்வுக் குரங்குகளைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் அமெரிக்காவின் விதிமுறைகளே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இந்திய நடைமுறை பின்னர் தரப்பட்டுள்ளது.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் குரங்கினங்களை இறக்குமதி செய்ய, நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அறிவியல் ஆய்வு, கல்வி, காட்சிப்படுத்தல் ஆகிய நோக்கங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. வளர்ப்புப் பிராணியாகக் குரங்கைக் கொண்டுவருவது 1975 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இப்போது நடைமுறையில் உள்ள விதிகள் 2013-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டவை. அவற்றின் முக்கியக் கூறுகள் வருமாறு:

• வந்திறங்கிய குரங்குகள் குறைந்தது 31 நாள்கள் தனிமையில் வைக்கப்பட வேண்டும்.

• இக்காலத்தில் குறைந்தது 3 முறை காசநோய்க்கான தோல் சோதனை செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் இடையே குறைந்தது 2 வார இடைவெளி தேவை.

• காயம் அல்லாத வேறு காரணத்தால் தனிமையில் இறக்கும் குரங்குகளுக்கு எபோலா, மார்பர்க் ஆகியவை அடங்கிய வைரஸ் குடும்பத்திற்கான சோதனை செய்யப்பட வேண்டும்.

• பணியாளர்கள் கையுறை, முகக்கவசம், கண்காப்பு, பாதுகாப்பு உடை ஆகியவற்றை அணிய வேண்டும்.

நோய் கண்டறியப்பட்டால் தனிமைக் காலம் நீளும்.

31 நாள் என்பதற்குக் காரணம் உண்டு. எபோலா, மார்பர்க் போன்ற நோய்களின் அரும்பு காலம் 21 நாள்கள் வரை செல்லக்கூடும். கிருமி புகுந்த நாளிலிருந்து அறிகுறி தோன்றும் நாள் வரையிலான இடைவெளியையே அரும்பு காலம் என்கிறோம். பயணத்தின் கடைசி நாளில் தொற்று ஏற்பட்டிருந்தாலும், 31 நாள்களுக்குள் அது வெளிப்பட்டுவிடும் என்பதே கணக்கு. இரண்டு வார இடைவெளியில் 3 காசநோய்ச் சோதனைகளைச் செய்து முடிக்கவும் ஏறத்தாழ இதே காலம் தேவைப்படுகிறது.

இவ்விதி எவ்வாறு பிறந்தது?

1958-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்ட குரங்குகளிடையே அம்மை போன்ற நோய் பரவியது. குரங்கம்மை என்ற பெயர் அவ்வாறு வந்ததே. இன்று உலக சுகாதார நிறுவனம் அதனை எம்பாக்ஸ் என அழைக்கிறது.

1967-இல் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. போலியோ தடுப்பூசித் தயாரிப்பு தொடர்பான பணிகளுக்காக உகாண்டாவிலிருந்து ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகள் ஐரோப்பாவிற்கு வந்தன. ஜெர்மனியின் மார்பர்க், பிராங்க்பர்ட் நகரங்களிலும், அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரிலும் அக்குரங்குகளைக் கையாண்டவர்கள் கடும் இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 7 பேர் உயிரிழந்தனர். குரங்கைத் தொட்டே இராத சிலருக்கும் நோய் பரவியது என்பதைப் பராமரிப்பாளர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டும். நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவப் பணியாளர்களும், பெல்கிரேடில் பாதிக்கப்பட்ட கால்நடை மருத்துவரின் மனைவியும் அவர்களுள் அடங்குவர். ஆய்வகத்தில் தொடங்கிய தொற்று அதன் சுவர்களுக்குள் நின்றுவிடவில்லை.

1989-இல் பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரெஸ்டன் நகருக்கு வந்த குரங்குகள் வரிசையாக இறந்தன. எபோலா குடும்பத்தைச் சேர்ந்த புதியதொரு வைரஸ் அவற்றில் காணப்பட்டது. பணியாளர் சிலரின் இரத்தத்தில் தொற்றின் தடயம் இருந்தபோதும், எவரும் நோயுறவில்லை. அந்த வைரஸ் வகை மனிதர்களுக்கு நோயை உண்டாக்காதது நற்பேறே தவிர, ஏற்பாட்டின் திறமை அன்று. அடுத்த ஆண்டே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக்கப்பட்டன. 1996-இல் அதே வைரஸ் மீண்டும் வந்தபோது, டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த தனிமைப்படுத்தும் மையத்திலேயே அது கண்டறியப்பட்டது. இரண்டாம் முறை விதி தன் வேலையைச் செய்தது.

இப்போது என்ன நெருக்கடி?

ஆய்வுக் குரங்குகளின் முதன்மை ஏற்றுமதியாளராக நீண்ட காலம் விளங்கிய சீனா, 2020-இன் தொடக்கத்தில் ஏற்றுமதியை நிறுத்தியது. கோவிட் தடுப்பூசிகளுக்கும் மருந்துகளுக்கும் குரங்குகளின் தேவை உயர்ந்த அதே வேளையில் வரத்து சுருங்கியது. விலை பன்மடங்கு ஏறியது. கம்போடியா, மொரிஷியஸ் போன்ற நாடுகளின் மீது சார்பு கூடியது.

2022 நவம்பரில், காட்டில் பிடிக்கப்பட்ட நீள்வால் மக்காக் குரங்குகளைப் பண்ணையில் பிறந்தவை எனப் பொய்ச் சான்றளித்து அமெரிக்காவிற்கு அனுப்பியதாக, கம்போடிய அரசு அதிகாரிகள் இருவர் உட்பட 8 பேர் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. கைது செய்யப்பட்ட அதிகாரி ஒருவர் 2024 மார்ச்சில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். எனினும், அவ்வழக்கு எழுப்பிய கேள்வி மறையவில்லை. அதே 2022-இல் நீள்வால் மக்காக், அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டது.

இது வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிய செய்தி மட்டுமே என நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் இதில் சுகாதாரப் பொருளும் உண்டு. பண்ணையில் பிறந்து வளர்ந்த விலங்கின் நோய் வரலாறு ஏட்டில் இருக்கும். காட்டு விலங்குக்கு அத்தகைய வரலாறு இல்லை. பிறப்பிடச் சான்று பொய்யானால், தனிமைப்படுத்தலுக்கு முன்னுள்ள முதல் தடுப்பு உடைகிறது. அதன்பின் முழுச் சுமையும் அந்த 31 நாள்களின் மேல் விழுகிறது.

அச்சுமை கற்பனையன்று. 2021-இல் கம்போடியாவிலிருந்து அமெரிக்காவிற்கு வந்த குரங்குகளில், மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் உண்டாகும் மெலியாய்டோசிஸ் நோய் காணப்பட்டது. 2023 பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த 540 நீள்வால் மக்காக் குரங்குகள் கொண்ட தொகுதியில் காசநோய் கண்டறியப்பட்டது. 2022 ஜனவரியில், மொரிஷியஸிலிருந்து வந்த 100 குரங்குகளைத் தனிமைப்படுத்தும் மையத்திற்கு ஏற்றிச் சென்ற வாகனம் பென்சில்வேனியா மாநிலத்தின் டான்வில் நகருக்கு அருகே விபத்துக்குள்ளாகிச் சில குரங்குகள் தப்பின. அருகே செல்ல வேண்டாம் எனக் காவல்துறை மக்களை எச்சரித்தது. மறுநாளுக்குள் எல்லாக் குரங்குகளுக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. தனிமைக் காலம் தொடங்கும் முன்னரே, விமான நிலையத்திற்கும் மையத்திற்கும் இடைப்பட்ட சாலையும் பாதுகாப்புச் சங்கிலியின் ஒரு கண்ணி என்பதை அது காட்டியது.

31 நாள் போதுமானதா?

விரைவில் வெளிப்படும் நோய்களுக்குப் பெரும்பாலும் போதுமானது. மெதுவாக வளரும் நோய்களுக்கு அவ்வாறு உறுதி கூற இயலாது. காசநோய் மாதக்கணக்கில் உறங்கியிருக்கக்கூடும். தோல் சோதனை சில வேளைகளில் தொற்றைத் தவறவிடுவதும் உண்டு. மக்காக் குரங்குகளில் வாழ்நாள் முழுதும் தங்கும் பி வைரஸ், குரங்குக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. மனிதரைத் தொற்றுவது அரிது. தொற்றினால் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். 1997-இல் அமெரிக்காவில், கண்ணில் குரங்கின் உடல் திரவம் தெறித்த ஆய்வாளர் ஒருவர் இதனால் இறந்தார். 2021-இல் பெய்ஜிங்கில், இறந்த குரங்குகளை அறுத்து ஆய்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய கிருமியை எத்தனை நாள் தனிமையும் அகற்றாது. நோயற்ற பண்ணைகளும், பணியாளர்களின் அன்றாடக் கவனமுமே அதற்குக் காப்பு.

எனவே, காலத்தைக் குறைத்தால் மருந்து விரைவில் வரும் என்னும் வாதத்தை நீங்கள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். புதிய மருந்து ஒன்றின் உருவாக்கம் பல ஆண்டுகள் நீள்வது. அதில் 31 நாள் சிறு பகுதியே. நோயுற்ற விலங்கில் நடத்தப்படும் சோதனையோ தவறான முடிவைத் தரக்கூடும். காசநோயால் இளைக்கும் குரங்கு, மருந்தின் நச்சால் இளைப்பதாகத் தோன்றலாம். நல்ல மருந்து கைவிடப்படவும், தீய விளைவு மறைந்துபோகவும் அதனால் இடம் உண்டாகும். ஆகவே இவ்விதி, காத்திருக்கும் நோயாளிக்கும் நன்மை செய்கிறது.

இந்தியாவில் நடைமுறை என்ன?

1978-இல் ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. அதுவரை உலக ஆய்வகங்களுக்குக் குரங்குகளை வழங்கிய முதன்மை நாடுகளுள் ஒன்றாக இந்தியா இருந்தது. இறக்குமதியைப் பொறுத்தவரை, 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் அடிப்படையாக உள்ளது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் நடுவண் அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையங்கள் செயல்படுகின்றன.

ஆய்வு நிறுவனங்களுக்குள், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் வழிகாட்டு நெறிகள் பொருந்தும். அவற்றின்படி, புதிதாக வரும் எலி போன்ற சிறு விலங்குகளுக்குக் குறைந்தது ஒரு வாரமும், பூனை, நாய், குரங்கு ஆகியவற்றுக்கு 6 வாரமும் தனிமை தேவை. சிறு விலங்கு என்பதால் ஆபத்தில்லை என்று பொருளன்று. 1970-களில் ஜப்பானில் ஆய்வக எலிகளிடமிருந்து பணியாளர்களுக்கு ஹான்டா வைரஸ் பரவியது.

நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் உட்கொள்ளும் மருந்தின் வழியாகக் குரங்கின் நோய் எனக்கு வருமா?
வராது. சோதனைக்கு உட்பட்ட விலங்கின் எந்தப் பகுதியும் உங்கள் மருந்தில் சேர்வதில்லை. இக்காரணத்திற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்.

தடுப்பூசிகள் குரங்கின் உயிரணுக்களில் தயாரிக்கப்படுகின்றன என்கிறார்களே?
ஒரு காலத்தில் குரங்கின் சிறுநீரகம் நேரடியாகப் பயன்பட்டது. அக்காலத்தில், 1955 முதல் 1963 வரை, சில போலியோ தடுப்பூசிகளில் எஸ்.வி.40 எனும் குரங்கு வைரஸ் கலந்திருந்தது உண்மை. இன்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி உள்ளிட்ட பலவும் வீரோ எனும் உயிரணு வரிசையில் தயாராகின்றன. 1962-இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டு, பலமுறை சோதிக்கப்பட்டுச் சேமிக்கப்பட்ட வரிசை அது. ஒவ்வொரு முறையும் புதிய குரங்கு தேவைப்படுவதில்லை.

என் குடும்பத்தினர் விலங்கு ஆய்வகத்தில் பணிபுரிகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
கடி, கீறல், கண்ணில் தெறிப்பு ஆகிய எதனையும் சிறிதென்று விட்டுவிட வேண்டாம். காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணாயின் தூய நீரால் 15 நிமிடம் அலச வேண்டும். பின்னர் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், தலைவலி, காயத்தருகே கொப்புளம் அல்லது மரத்துப்போதல் தோன்றினால், விலங்குத் தொடர்பை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் கீமோ சிகிச்சை பெறுபவரோ, உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரோ இருந்தால் இது இன்னும் அவசியம்.

கோயிலிலோ மலைப்பாதையிலோ குரங்கு கடித்தால்?
மேற்கூறியவாறே கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இனி வரும் மாற்றம்

2022 டிசம்பரில் அமெரிக்காவும், 2023-இல் இந்தியாவும், மருந்துச் சோதனையில் விலங்கல்லாத முறைகளுக்கு இடமளித்துச் சட்டவிதிகளைத் திருத்தின. ஒற்றைப்படி எதிர்ப்புப் புரத மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. மனித உயிரணுக்களால் ஆன சிற்றுறுப்பு மாதிரிகளும் கணினி மாதிரிகளும் வளர வளர, இறக்குமதியாகும் குரங்குகளின் எண்ணிக்கை குறையக்கூடும்.

அதுவரை, கடைசிக் குரங்கு வந்திறங்கும் நாள் வரையிலும், இத்தனிமை விதி தளர்த்தத்தக்கது அன்று. புதிய மருந்துக்காகக் காத்திருப்பவர் நீங்கள் எனில், அக்காத்திருப்பில் இந்த 31 நாளும் உங்கள் நலனுக்கெனச் செலவிடப்பட்டவையே. உங்கள் சிகிச்சை குறித்த ஐயங்களுக்கு, உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையே அணுகுங்கள்.