ஏன் கற்பிக்க வருகின்றீர்?



சென்ற மாதத் தபாலில் பசுவந்தனையிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்திருந்தது. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் மானாவாரி விவசாயம் செய்யும் குடும்பம். பி.எஸ்ஸி., பி.எட். முடித்தவர். திருமணம், இரு குழந்தைகள் என்று ஏழாண்டுகள் வீட்டோடு இருந்துவிட்டார். ஐப்பசி மழை தப்பி உளுந்தும் பாசியும் கைவிட்ட வருடத்தில், இணையவழியாகப் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்றிற்கு விண்ணப்பித்தார். செல்போன் திரையிலேயே நேர்முகத் தேர்வு நடந்தது.

"இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகின்றீர்கள்?" என்பது முதல் வினா. "ஆசிரியப் பணி அறப்பணி, சிறு வயது முதலே என் இலட்சியம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாராம். "வேறு ஏதேனும்?" என்று கேட்டார்களாம். வாயடைத்துப் போய்விட்டது. "பணம் தேவைப்படுகிறது என்ற உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? அடுத்த முறை என்ன சொல்லட்டும்?" என்று கேட்டிருக்கின்றார்.

இவ்வினா அவருக்கு மட்டும் உரியதன்று. படித்துவிட்டு வீட்டிலிருக்கும் நம் பெண்மக்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே விடை எழுதுகின்றேன்.

சகோதரி, பணத் தேவை குற்றமன்று. உழைத்துப் பெறும் ஊதியத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் கேட்பவர் அறிய விரும்புவது வேறு. பணம் எல்லா வேலையிலும் கிடைக்கும். தீப்பெட்டி ஆபீசிலும் கிடைக்கும், ஜவுளிக் கடையிலும் கிடைக்கும். அவற்றையெல்லாம் விட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஏன் வருகின்றீர் என்பதே வினா. நம் வீடுகளில் நிய்யத் என்கிறோமே, அதைத்தான் கேட்கின்றார்கள். நிய்யத்தை அலங்காரச் சொற்களால் மெய்ப்பிக்க இயலாது. இதுவரை செய்த செயலைக் காட்டித்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

அந்தச் செயல் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே கிடக்கின்றது. "2022-இல் எங்கள் தெருத் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இல்லம் தேடிக் கல்வியில் மாலைப் பாடம் நடத்தினேன். மாதம் ஆயிரம் ரூபாய்தான் என்பதால் அதைச் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கின்றீர்கள். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டாததைச் சொல்லி வந்திருக்கின்றீர்கள்!

எண்ணிப் பாருங்கள். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் பள்ளிக்குத் திரும்பினர். ஒன்றரை ஆண்டுக்கு மேல் எழுத்தும் கணக்கும் மறந்து நின்ற அப்பிள்ளைகளுக்காகவே 2021 அக்டோபரில் அத்திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே உங்கள் விடை இவ்வாறு அமையட்டும்: "2022-இல் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் பாடம் சொன்னேன். நான்காம் வகுப்பில் இருந்துகொண்டு கழித்தல் தெரியாதிருந்த பிள்ளை என்னிடம் அதைக் கற்றுக்கொண்டது. அப்போதுதான் இத்தொழில் எனக்குரியது என்று தெளிந்தேன். என் குடும்பத்திற்கு வருமானமும் தேவை. இரண்டிற்காகவும் வந்திருக்கின்றேன்." கழித்தல் என்பதை எடுத்துக்காட்டாகவே எழுதினேன், உங்கள் திண்ணையில் உண்மையாக நடந்தது எதுவோ அதையே சொல்லுங்கள். இரவல் விடை இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும். அன்று நீங்கள் வாயடைத்தது அதனால்தான்.

"ஏழாண்டு இடைவெளி ஏன்?" என்று கேட்டால் தலைகுனிய வேண்டாம். "குழந்தைகளை வளர்த்தேன். இப்போது அவர்கள் பள்ளிக்குச் செல்கின்றனர். இன்ன இன்ன நேரம் எனக்கு ஓய்வு" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். நீண்ட சமாதானம் ஐயத்தையே வளர்க்கும்.

"எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தீர்கள்?" என்பது அடுத்தது. புகழுரை வேண்டாம். அவர்கள் எந்த வகுப்புக்கு, எந்த மொழியில், எத்தனை பிள்ளைகளைச் சேர்த்து நடத்துகின்றார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதில் உங்களால் ஆகக்கூடியதைச் சொல்லுங்கள்.

இனி இணையவழிக் கற்பித்தலுக்கு வருவோம். இது கொரோனாவோடு பிறந்ததன்று. அயலகத் தமிழர் பிள்ளைகள் தமிழ் கற்பதற்கென்றே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். ஆனால் எத்தனை வசதி வந்தாலும் ஆசிரியரின் கவலை ஒன்றே: எதிரே இருக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா? திண்ணையில் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வீர்கள். திரையில் சில முகங்கள் தெரியா; கேமராவை அணைத்திருப்பார்கள்.

"பிள்ளை கவனிக்கின்றது என்று எப்படி அறிவீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். "புரிந்ததா என்று கேட்கமாட்டேன், எல்லாரும் ஆம் என்பார்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, ஒரு கணக்கைப் போடச் சொல்லி, நோட்டைத் திரையில் காட்டச் சொல்வேன்" என்பது விடை.

"சிக்னல் போய்விட்டால்?" என்பது கிராமத்துச் சகோதரிகளைக் கலங்க வைக்கும் வினா. "போகாது" என்று பொய் சொல்லாதீர்கள். வீட்டில் எந்த மூலையில் நன்றாகக் கிடைக்கின்றது என்பதை முன்பே பார்த்து வையுங்கள். வேறு கம்பெனிச் சிம் ஒன்று கைவசம் இருக்கட்டும். செல்போனில் முழு சார்ஜ் இருக்கட்டும். இடையில் அறுந்தால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சியை வகுப்பின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவேன் என்று சொல்லுங்கள். விடுபட்ட பகுதியைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புவேன் என்றும் சொல்லுங்கள்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால், பாடத்தை ஊருக்கு வெளியே தேடாதீர்கள். காய்ந்த கரிசல் கட்டி ஒன்றை ஒரு கண்ணாடித் தம்ளரில் இட்டு நீரை ஊற்றுங்கள். அக்களிமண்ணின் நுண்துகள்கள் தமக்கிடையே நீரை ஏற்று உப்பும். காய்ந்தால் சுருங்கி, நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். மழை நின்ற பின்னும் அம்மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால்தான் அங்கே மானாவாரியில் பருத்தி விளைகின்றது. பத்து நிமிடத்தில் ஓர் அறிவியல் பாடம் முடிந்தது! கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கல்லூரி வாசலை மிதிக்காதவர். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991-இல் சாகித்திய அகாதெமி விருதும் அவரைத் தேடி வந்தது. தம் மண்ணை அறிந்திருந்ததே அவருடைய பட்டம்.

சில சிறு குறிப்புகள். வெளிச்சம் முகத்திற்கு எதிரே இருக்கட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டு தெரியும். நான்கு புத்தகங்களை அடுக்கிச் செல்போனைக் கண்மட்டத்தில் நிறுத்துங்கள். பேசும்போது திரையிலுள்ள உங்கள் உருவத்தையே பார்க்காமல் கேமராவைப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

முடிவில், "எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஊதியம் மாதத்திற்கா, வகுப்புக்கா? எந்தத் தேதியில் வரும்? பிள்ளை வராத நாளுக்கும் உண்டா? எழுத்தில் நியமனக் கடிதம் தருவீர்களா? இவற்றைக் கேட்பது உரிமை. வேலை தருவதற்கு முன்பணம் கட்டச் சொன்னாலோ, வங்கியின் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வேலையன்று, வலை.

இக்கடிதத்தை வீட்டு ஆண்களும் படிக்க வேண்டும். அத்தாமார்களே, கணவன்மார்களே! மகள், மனைவி பாடம் நடத்தும் நேரத்தில் அவருக்கு ஓர் அறையும் ஓர் அமைதியும் கொடுங்கள். "வீட்டிலிருந்துதானே பேசுகிறாள்" என்று இடையிடையே சோறு போடக் கூப்பிடாதீர்கள். அதுவும் வேலைதான்.

பசுவந்தனைச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே ஒரு தாளை எடுத்து, அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அப்பிள்ளை உங்களிடம் கற்ற ஒன்றை எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது, ஏன் கற்பிக்க வருகின்றீர் என்பதற்கு உங்களிடம் பதினெட்டு விடைகள் இருக்கும். அடுத்த தேர்வு முடிந்ததும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், நல்ல செய்தியாக இருக்கட்டும்.