வீதியில் நிற்பவனுக்கு விளங்கும் மொழி

ஒன்ராறியோவில் பனி கரைந்ததும் வீதித் திருத்த வேலைகள் தொடங்கிவிடுகின்றன. குழாய் பதிக்கும் இடத்திலும் தார் இடும் இடத்திலும் வாகனங்களை நிறுத்தியும் மெதுவாகச் செல்லவிட்டும் ஒழுங்குபடுத்தப் பலகை ஏந்திய ஒருவர் தேவைப்படுகிறார். அத்தகைய பணியாளரையும், கூம்புகள், எச்சரிக்கைப் பலகைகள் ஆகியவற்றையும் ஒப்பந்தகாரருக்கு வழங்குவது இன்று தனித்தொழிலாக நிலைபெற்றுள்ளது. பெரும் தொழிற்சாலையோ கடையோ வேண்டாத இத்தொழிலில் எம்மவருக்கு நாட்டம் எழுவது இயல்பே. அது வரவேற்கத்தக்கதுமாகும்.

ஆயினும், தொழில் தொடங்க விழைவோர் முதலிற் படிக்க வேண்டியது கட்டுமானப் பணிகளுக்கான 213/91ஆம் இலக்க ஒழுங்குவிதியாகும். வாகனங்களை நெறிப்படுத்துபவர் அவ்வேளையில் வேறெந்த வேலையும் செய்யலாகாது என்கிறது அது. ஒரே திசையிற் செல்லும் ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்களை அவர் கட்டுப்படுத்தலாகாது. வேக எல்லை மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியில் அவரை இப்பணிக்கு நிறுத்தலாகாது. தொழிலாளர் வாகனங்களால் ஆபத்துக்குள்ளாகக் கூடுமாயின், தொழில்தருநர் பாதுகாப்புத் திட்டமொன்றை எழுத்தில் வகுத்து நடைமுறைப்படுத்தல் வேண்டும்.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. பணியாளருக்கான அறிவுறுத்தல்கள், எழுத்திலும் வாய்மொழியிலும், அவருக்கு விளங்கும் மொழியிலே வழங்கப்பட வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரை வேலைக்கு அமர்த்தினால், அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது முதலாளியின் கடமையே தவிர, அவர் காட்டும் சலுகையன்று.

எம்மவரிடையே இவ்விதி மிகவும் முக்கியமானது. புதிதாக வந்தவர் மேற்பார்வையாளர் கூறியது விளங்காவிடினும், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் 'ஓம்' என்று தலையசைத்துவிடுவார். உணவகச் சமையலறையில் அதனால் ஒரு பானை கருகலாம். வீதியிலோ உயிரே போகலாம். ஆங்கிலம் கற்றபின் வரட்டும் என்று சிலர் கூறக்கூடும். சாரதிகளோடும் சக பணியாளரோடும் பேச ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் எங்கே நிற்பது, எந்தச் சைகை காட்டுவது, வாகனம் நிற்காது வந்தால் எப்பக்கம் ஒதுங்குவது என்பவை முதல் நாளே ஐயமின்றி விளங்கியிருக்க வேண்டும். அதைத் தமிழிற் கற்பிக்கும் ஆற்றல் தமிழ் முதலாளிக்கு உண்டு. அதுவே அவருடைய தொழிலின் பலமுமாகும்.

பணத்தையும் கணக்கிட வேண்டும். 2019 ஒக்ரோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கட்டுமான வேலையில் உரிமையாளர் முறையான கட்டணப் பட்டியல் கிடைத்து 28 நாட்களுக்குள் ஒப்பந்தகாரருக்குச் செலுத்த வேண்டும். அதைப் பெற்ற 7 நாட்களுக்குள் அவர் உபஒப்பந்தகாரருக்குக் கொடுக்க வேண்டும். பணியாளரின் சம்பளம் அதுவரை காத்திராது. கையிருப்பின்றி இறங்குபவர், முதலிற் பயிற்சியையும் பின்னர் கூலியையும் குறைக்கவே முற்படுவார். சில வாரச் சம்பளத்தைச் சேமித்து வைத்த பின்னரே தொழிலைத் தொடங்குதல் நன்று.

பலகை ஏந்தி நிற்போருக்கும் ஒரு வார்த்தை. தொழில் அனுமதிப் பத்திரம் பெற்ற அகதிக் கோரிக்கையாளரையும் தொழிற் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காக உங்களைத் தண்டிப்பது குற்றம். முதலாளி காப்புறுதிச் சபையிற் பதிவு செய்யாதிருந்தாலும், வேலையிற் காயமுற்றவர் இழப்பீடு கோரலாம்.

'எங்கள் பெடியன்தானே' என்று உரிமையோடு அழைத்து வேலை கொடுப்பவர், அதே உரிமையோடு அவனை மாலையில் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்கத் துணிந்தவர்கள் தாராளமாக இத்தொழிலுக்கு வரட்டும்.