முழுச்சட்ட மோகம்

கமரா வாங்கப் புறப்படும் நம் தீவக இளைஞரிடையே இன்று வேதவாக்காக நிலைத்துவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. புல் பிரேம் என்று அவர்கள் சொல்லும் முழுச்சட்டக் கமராவே கமரா, அதனிற் சிறிய சென்சர் உடையன யாவும் கற்றுக்குட்டிகளின் விளையாட்டுச் சாமான்கள், ஆகவே கடன்பட்டேனும் முதலில் அந்தப் பெரிய சென்சரை வாங்கிவிட வேண்டும், லென்ஸைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்பதே அது. கனடாவிலிருந்து ஐயனார் கோயிற் திருவிழாவுக்கு வரும் உறவினரின் தோளிலே தொங்குவதைக் கண்டும், கல்யாண வீட்டு வீடியோக்காரரின் சொல்லைக் கேட்டும் பரவிய இந்த நம்பிக்கை, மற்ற ஊர்களுக்கு எப்படியோ, எங்கள் அனலைதீவுக்குச் சற்றும் பொருந்தாதது என்பது என் கட்சி.

முழுச்சட்டம் ஏதோ இயற்கையின் நியதியால் அமைந்த அளவு என்று எண்ணுவோர் அதன் பூர்வ சரித்திரத்தை அறிதல் நன்று. ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாவுக்கென்று செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிமைக் கிடையாக ஓடவிட்டு, 18க்கு 24 மில்லிமீற்றராக இருந்த சினிமாச் சட்டத்தை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். அவ்வாறு பிறந்த லைக்கா 1925இல் லைப்சிக் சந்தையில் வெளிவந்தபோது, கண்ணாடித் தகட்டிலும் பெரிய பிலிமிலும் பழகிய தொழிற் புகைப்படக்காரர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளிலே காந்தியடிகளின் இறுதி யாத்திரையை 1948இல் டில்லியில் படம் பிடித்த ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், அந்தச் சின்னக் கமராவையும் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றையுமே கொண்டு உலகத்தைச் சுற்றியவர். இன்று சிறு சென்சரை எள்ளி நகையாடும் வாய் அன்று இருந்திருந்தால், தான் இப்போது பூசிக்கும் அளவையே எள்ளியிருக்கும்.

பெரிய சென்சருக்கு அனுகூலமே இல்லையென்று சாதிக்க நான் முற்படவில்லை. முழுச்சட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர்; ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் அறிவித்த மைக்ரோ போர் தேர்ட்ஸ் என்னும் வகையின் பரப்பு 225; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 366. ஒரே எஃப் எண்ணிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் முழுச்சட்டம் மைக்ரோ போர் தேர்ட்ஸைக் காட்டிலும் நான்கு மடங்குக்குச் சற்றே குறைந்த ஒளியை வாங்குகிறது. இருட்டிலே பிடித்த படத்தில் நொய்ஸ் எனப்படும் புள்ளிக் கசடு அதற்கேற்பக் குறைகிறது. இது மெய். ஆனால் பனங்கூடலும் புகையிலைத் தோட்டமும் வெண்மணற் கரையும் அன்றி மறைப்பு யாதுமில்லாத இத்தீவில், நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 200க்கு எஃப் 8இல் வினாடியின் 800இல் ஒரு பங்கு போதுமாயிருக்க, ஒளிப் பஞ்சத்துக்கென்று செய்யப்பட்ட சாதனத்தை எவருக்காகச் சுமக்கிறோம்?

இருள் உள்ள இடம் கோயில் மூலஸ்தானம் அல்லவா என்பர். நல்லூரைப் போன்ற பல ஆலயங்களில் உள்ளே கமராவை எடுக்கவே விடுவதில்லை. பெரிய சென்சர் பெரிதும் உதவக்கூடிய இடத்தில் எந்தச் சென்சருக்கும் பிரவேசம் கிடையாது!

இரவுத் திருவிழா என்னும் நியாயம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதைத்தான் நான் பொறுமையாகச் சோதிக்க விரும்புகிறேன். பணமெல்லாம் கமராவின் உடலுக்கே செலவாகிவிட, கூடவே மலிவாக வரும் 28-70 லென்ஸை மாட்டிக்கொண்டு வீதியுலாவுக்குப் போகும் இளைஞனின் லென்ஸ், 70 மில்லிமீற்றரில் எஃப் 5.6க்கு மேல் திறவாது. அவன் பக்கத்தில் மைக்ரோ போர் தேர்ட்ஸ் கமராவோடு நிற்பவன் 45 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸை வைத்திருந்தால், எஃப் 1.8இன் திறப்பு எஃப் 5.6ஐ விட ஒன்பதரை மடங்குக்கு மேற்பட்ட ஒளியை விடுகிறபடியால், பரப்பிலே நான்கில் ஒரு பங்காய்க் குறைந்தும் அவனுடைய சென்சருக்கே ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளி வந்து சேருகிறது. முழுச்சட்டக்காரன் தன் கோட்டையிலேயே தோற்கிறான். அவனும் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் வெல்லுவான் என்பதில் ஐயமில்லை. அதற்குள் அவனிடம் பணமுமில்லை, கடன் கொடுப்பாருமில்லை.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆனித் தேரைப் படம் பிடிப்போர் அறிய வேண்டிய வேறொரு கணக்கும் உண்டு. வடம் பிடிக்கும் முன்வரிசை முதல் தேரின் சிகரம் வரை யாவும் தெளிவாக விழவேண்டுமானால், மைக்ரோ போர் தேர்ட்ஸில் எஃப் 4 தரும் தெளிவின் ஆழத்தை முழுச்சட்டம் எஃப் 8 வரை மூடித்தான் பெறும். அங்ஙனம் மூடுகையில் ஒளி நாலிலொன்றாகிறது. ஷட்டர் வேகம் மாறலாகாதென்றால் ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு உயர்த்த வேண்டும். பரப்பினால் வந்த லாபம் அங்கே அப்படியே கரைந்து போகிறது. பின்னணி மங்கலாய்த் தெரியும் ஒற்றை முகப் படத்துக்கே அந்தப் பெரும் பரப்பு மிகவும் பயன்படுமன்றி, ஊர் கூடிய கூட்டத்துக்கு அன்று.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோனியின் முதலாவது 24-70 எஃப் 2.8 ஜி மாஸ்ரர் லென்ஸ் 886 கிராம். அதே கோணங்களை ஏறக்குறைய அடக்கும் ஒலிம்பஸின் 12-40 எஃப் 2.8 வெறும் 382 கிராம். தெளிவின் ஆழத்தில் பின்னது முழுச்சட்டத்தின் எஃப் 5.6க்கே சமமாகும் என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து சோழகக் காலத்துப் படகிலே முகத்தில் உப்புத் தண்ணீர் அடிக்க வருபவனுக்கு, பையிலிருந்து துணிந்து வெளியே எடுக்கக்கூடிய கமராதான் கமரா. மிரர்லெஸ் கமராவில் லென்ஸைக் கழற்றியவுடன் சென்சர் பெரும்பாலும் நேரே காற்றுக்கு முகங்காட்டுகிறது. கடல் நடுவே லென்ஸ் மாற்றுவது மடைமை. கெட்டுப்போனால் யாழ்ப்பாணத்தையும் தாண்டிக் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அனுப்ப வேண்டிய பொருளை, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350க்கு மேல் ஏறியதைக் கண்ட பின்னரும், கௌரவத்துக்காக வாங்குவது விவேகமாகாது.

"சிறு சென்சர் வகைகள் செத்துவிடும், முழுச்சட்டம் நிலைக்கும்" என்பது எதிர்க்கட்சியாரின் கடைசி அஸ்திரம். நிக்கனின் 1 வகை 2011இல் பிறந்து 2018இல் முடிந்ததும், கனனின் இஎஃப்-எம் 2012இல் தோன்றி 2023இல் ஒழிந்ததும் உண்மையே. ஆனால் மினோல்ட்டா 1985இல் தொடங்கி, சோனி பின்னர் முழுச்சட்டமாகவும் வளர்த்த ஏ மவுண்ட் என்னும் லென்ஸ் பொருத்தியும் 2021உடன் முடிவுற்றதன்றோ? மவுண்டின் ஆயுளுக்குச் சென்சரின் பரப்பு உத்தரவாதமாகாது. அந்த மவுண்டுக்கு லென்ஸ் செய்வோர் எத்தனை பேர் என்பதே கேட்கத்தக்க கேள்வி. சோனி தன் ஈ மவுண்டின் விபரங்களை 2011இலேயே மற்றோருக்குத் திறந்துவிட்டது. கனனோ ஆர்எஃப் மவுண்டுக்குச் சிக்மாவும் தம்ரோனும் லென்ஸ் செய்ய 2024 வரையில் இடங்கொடுக்கவில்லை, கொடுத்தபோதும் முதலில் ஏபிஎஸ்-சிக்கு மாத்திரமே.

அச்சுக்குப் போதாது என்பாருக்கு ஒரு வார்த்தை: ஏ3 தாளில் 300 புள்ளி அடர்த்தியில் அச்சிடப் பதினேழரை மெகாபிக்சல் போதும், இன்றைய சிறு சென்சரோ இருபது தருகிறது. நம்மவர் படமோ பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையைத் தாண்டுவதில்லை.

ஆதலால், ஊரிலுள்ள தம்பிக்குக் கமரா வாங்கி அனுப்ப எண்ணும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என் விண்ணப்பம் இது. ஒதுக்கிய பணத்திற் பாதிக்கு மேல் லென்ஸுக்கு வையுங்கள், ஏபிஎஸ்-சியோ மைக்ரோ போர் தேர்ட்ஸோ கைக்கு அடக்கமான, பழையதானாலும் நல்ல உடல் ஒன்றை எடுங்கள், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை அவசியம் சேருங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு காற்றுப் புகாத பெட்டி ஒன்றையும் மறவாதீர்கள், ஏனெனில் தீவுக் காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சணம் பிடித்தால் அதற்கு நல்ல வைத்தியம் இல்லை.