சொன்னது சொன்னபடி!

சாட்சிக் கூண்டில் ஒரு மூதாட்டி நிற்கிறாள். "அவனைப் போல இருந்தது" என்று சொல்லுகிறாள். அது "அவன்தான்" என்று காகிதத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? நிரபராதி ஜெயிலுக்குப் போவான்! "அவன்தான்" என்று சொன்னது "அவனைப் போல" என்று ஏறினால்? குற்றவாளி தப்பிவிடுவான்!

வாயில் வந்த சொல் காற்றோடு போய்விடும். எழுத்தில் ஏறியதுதான் நிற்கும். அப்பீலை விசாரிக்கும் ஐகோர்ட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுத்தைத்தான் பார்க்கிறார்.

நம் கோர்ட்டுகளில் பெரும்பாலும் சாட்சி சொல்வதைக் கேட்டு, நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்லுவார். சுருக்கெழுத்தாளரோ, டைப் அடிப்பவரோ அதை எழுத்தில் ஏற்றுவார்.

ஆர்மோனியம் போல ஒரு யந்திரம்

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு யந்திரம் உண்டு. அதன் பெயர் ஸ்டெனோடைப். அதில் ஏறக்குறைய 22 கட்டைகளே இருக்கின்றன. டைப் யந்திரத்தில் அடிப்பது போல ஒவ்வோர் எழுத்தாக அடிப்பதில்லை. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது போல அழுத்துகிறார்கள்.

"கப்" என்று எழுத வேண்டுமா? முதல் ஒலியை இடது கை அழுத்தும். நடு ஒலியைக் கட்டை விரல் அழுத்தும். கடைசி ஒலியை வலது கை அழுத்தும். மூன்றும் ஒரே நேரத்தில்! ஒரே தட்டில் ஒரு சொல் விழுந்துவிடும். அங்கே தேர்ச்சி பெற்றவர்கள் நிமிஷத்துக்கு 225 சொற்கள் எடுக்கிறார்கள். சாட்சி பேசப் பேச, பேசியபடியே பதிவாகிறது.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

சொல்லின் வலிமையைத் தர்மபுரி ஜில்லா நன்றாக அறியும். அரூர் அருகே உள்ளது வாச்சாத்தி. பழங்குடி மக்களின் கிராமம். 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் அங்கே புகுந்தார்கள். மக்களை அடித்தார்கள். 18 பெண்களைக் கற்பழித்தார்கள்.

ஏழைகளிடம் என்ன பலம் இருந்தது? தங்கள் வாய்ச்சொல்தான்! கோர்ட்டில் ஏறி நடந்ததைச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி, தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு, அன்று உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. சம்பவம் நடந்து 31 வருஷங்கள் ஆகியும், எழுத்தில் ஏறிய சொல் அழியவில்லை.

வெட்கம் வேண்டாம்

செஷன்ஸ் வழக்கு போன்ற பெரிய கிரிமினல் வழக்குகளில், சாட்சியத்தை எழுதி முடித்ததும் சாட்சிக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். இது சட்டம். 1973-ம் வருஷச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சாட்சி சொன்னால், நீதிபதி அதைத் திருத்தலாம். அல்லது அந்த ஆட்சேபத்தைக் குறித்து வைக்கலாம்.

ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் வெட்கப்பட வேண்டாம். "ஐயா, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தமிழ்ச் சுருக்கெழுத்தில் தேர்ந்தவர்களையும், தமிழுக்கு ஏற்ற யந்திரங்களையும் சிறிய ஊர்க் கோர்ட்டுகளுக்கும் கொடுப்பது அரசின் கடமை. சொன்னது சொன்னபடி எழுதப்பட வேண்டும். நீதியின் முதல் படி அதுதான்!