கூலியைக் குறைத்தால் ஆர்டர் வருமா?

திருப்பூரில் ஆர்டர் குறையும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். "பங்களாதேஷ்காரன் பாதிக் கூலிக்குத் தைக்கிறான், நமக்குக் கட்டுபடி ஆகவில்லை." டீக்கடையில் தொடங்கும் இந்தப் பேச்சு, கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மேசை வரைக்கும் வந்துவிடுகிறது. உயர்வைத் தள்ளிப்போடு, பீஸ் ரேட்டைக் குறை, ஆர்டர் தானாக வரும் என்கிறார்கள். இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

வாதம் 1: விலையைத் தீர்மானிப்பது கூலிதான்

கணக்குக்காக, 300 ரூபாய்க்கு ஏற்றுமதியாகும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். அந்த விலையில் பாதிக்கு மேல் நூலும் துணியும் சாயமும் தின்றுவிடும். வெட்டு, தையல், அயர்னிங், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றுக்குமான கூலி 60 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கூலியோடு வரியை ஒப்பிட்டுப் பார்ப்போம். மிகப் பின்தங்கிய நாடு என்ற தகுதியால், 2001 முதல் வங்கதேசத்துச் சட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லாமல் நுழைகிறது. இந்தியச் சட்டைக்கோ நெடுங்காலமாகச் சலுகை போக 9.6 விழுக்காடு வரி. 300 ரூபாய்க்கு அது ஏறத்தாழ 29 ரூபாய். வரி முழு விலையின் மீதும் விழுகிறது. கூலியோ அந்த விலையில் ஒரு பகுதிதான். அந்த 29 ரூபாயைக் கூலியில் பிடித்து ஈடுகட்ட வேண்டுமானால், 60 ரூபாயை 31 ஆக்க வேண்டும். பாதிக் கூலிக்கு வர எந்த டெய்லர் சம்மதிப்பார்?

அண்மைய சான்றும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. திருப்பூரில் அன்று எவருக்கும் கூலி உயரவில்லை. ஆனாலும் அமெரிக்க பயர்கள் ஆர்டர்களை நிறுத்தி வைத்தார்கள்.

வாதம் 2: கூலி மலிவான நாட்டுக்கே ஆர்டர் போகும்

அப்படியானால் எத்தியோப்பியாதான் இன்று உலகின் தையல் கூடமாக இருந்திருக்க வேண்டும். 2016-ல் ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். அங்கே தொடக்கச் சம்பளம் மாதம் 26 டாலர்தான் என்று 2019-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் மையம் எழுதியது. அந்தச் சம்பளத்தில் பிழைக்க முடியாமல் தொழிலாளர்கள் வந்த வேகத்திலேயே போனார்கள், உற்பத்தித்திறன் ஏறவில்லை. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. 2021 நவம்பரில் பூங்காவின் முக்கிய நிறுவனமான பிவிஎச் வெளியேறியது. அமெரிக்க வரிச்சலுகையும் 2022 ஜனவரியோடு போயிற்று.

வியட்நாமில் குறைந்தபட்சச் சம்பளம் வங்கதேசத்தைவிட அதிகம். இருந்தும் ஆடை ஏற்றுமதியில் அது இந்தியாவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சீனத்தில் கூலி எவ்வளவோ உயர்ந்த பிறகும் முதலிடம் அதனுடையதுதான்.

வங்கதேசத்தையே பார்ப்போம். 2023 டிசம்பரில் ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளம் 8,000 டாக்காவிலிருந்து 12,500 ஆனது. ஒரே அடியில் 56 விழுக்காடு உயர்வு. 2024-ல் ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகும், 2024-25 நிதியாண்டில் அந்நாட்டின் ஆயத்த ஆடை ஏற்றுமதி கிட்டத்தட்ட 9 விழுக்காடு வளர்ந்து 39 பில்லியன் டாலரைத் தாண்டியது. கூலி மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்காது.

வாதம் 3: தொழிலாளிகள் வேகமாகத் தைப்பதில்லை, அதனால் டெலிவரி தவறுகிறது

ஒரு சாதாரண டி-ஷர்ட்டின் மொத்தத் தையல் நேரம் பத்து நிமிடத்தைத் தொடாது. ஆர்டரோ மூன்று மாதம் ஓடுகிறது. மீதி நேரம் எங்கே போகிறது?

ஒரு ஆர்டரின் பின்னால் போய்ப் பாருங்கள். சாய மாதிரியான லேப் டிப்பை அனுப்பி, நிறத்துக்கு பயர் சம்மதம் சொல்ல ஒரு வாரம், பத்து நாள். நூல் வந்து நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து குட்டியானையில் ஏறிச் சாயப்பட்டறை. சாயம் முடிந்து காம்பாக்டிங். பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல். பெரிய கம்பெனிகள் சிலவற்றைத் தவிர, ஒவ்வொன்றும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட். ஒவ்வொரு வாசலிலும் வரிசை. பாடித் துணி வந்துவிடும், கழுத்துக்கான ரிப் துணி வேறு ஷேடில் வரும். மறுபடி சாயத்துக்கு அனுப்ப வேண்டும். ரிப் வரும்வரை முப்பது மெஷின் லைன் சும்மா நிற்கும். வந்தவுடன் எல்லோரையும் ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு என்று இரவெல்லாம் உட்கார வைப்பார்கள். களைத்த கை தைத்ததில் செக்கிங்கில் பாதி திரும்பி வரும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அதோடு அந்த ஆர்டரின் லாபம் முடிந்தது.

இத்தனையிலும் தையல்காரரின் தவறு எங்கே இருக்கிறது? நூல் மில்கள் கோவையைச் சுற்றியே இருப்பது திருப்பூரின் பெரிய பலம். அந்த அருகாமையில் கிடைக்கும் நாள்களை யூனிட்டுகளுக்கு இடையிலான காத்திருப்பில் தொலைக்கிறோம்.

வாதம் 4: பருத்தி நம்முடையது, கூலி மட்டும் குறைந்தால் போதும்

வங்கதேசத்தில் பருத்தி பெயரளவுக்கே விளைகிறது. வரியில்லாமல் இறக்குமதி செய்து ஜெயிக்கிறது. நாம் 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு 11 விழுக்காடு வரி போட்டுவிட்டு, பிறகு அவ்வப்போது தளர்த்திக்கொண்டிருந்தோம்.

பருத்தியோடு நின்றுவிடுவதும் சிக்கல்தான். உலகில் உற்பத்தியாகும் இழைகளில் மூன்றில் இரண்டு பங்கு செயற்கை இழை. பருத்தி ஐந்தில் ஒரு பங்கு. விளையாட்டு உடை, குளிர்கால உடை எல்லாம் பாலியஸ்டர் பக்கம் போய்விட்டன. திருப்பூரோ கோடைக்காலப் பருத்திச் சட்டையையே பெரிதும் நம்பியிருக்கிறது. கோடை ஆர்டர் முடிந்தால் மெஷின் ஓய்ந்துவிடும். செயற்கை இழைக்கு மாற முயன்றவர்களுக்கும் 2023-ல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் மூலப்பொருளை விலையேற்றின. 2025 நவம்பரில்தான் அவை விலக்கப்பட்டன. பீஸ் ரேட்டைக் குறைத்து இதில் எதைச் சரிசெய்ய முடியும்?

வாதம் 5: கூலியோடு சாயக்கழிவுச் செலவும் சேர்ந்து நம்மை முடக்குகிறது

செலவு உண்மை. நொய்யல் செத்து, ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதும் உண்மை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அப்படித்தான் இங்கே நிலைத்தது. போட்டியாளர்களில் பெரும்பாலோர் இன்னும் செய்யாததை நாம் செய்து முடித்திருக்கிறோம். அதற்கு பயரிடம் விலை கேட்க வேண்டும். 2013-ல் ரானா பிளாசா என்ற ஆடைத் தொழிற்கூடக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு, வங்கதேசம் பாதுகாப்பிலும் பசுமைச் சான்றிதழிலும் பணம் போட்டு, அதையே விற்பனைப் பேச்சாக்கியது. நாம் அதே வகைச் செலவைப் புலம்பலாக்கினோம்.

கூலிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கைவேலை மிகுந்த ஆடைகளில் அது கணிசம்தான். ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வரவழைத்தும் பற்றாக்குறை தீராத ஊரில் கூலியை அமுக்கினால், மிஞ்சுவது காலி மெஷின்தான்.

வரியை இறக்குவது டில்லியின் வேலை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் ஆடை வரியை நீக்க வழிசெய்தது. வங்கதேசமும் 2026 நவம்பரில் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறுவதாக நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. இழையை மாற்றுவதும், நிட்டிங் முதல் பேக்கிங் வரையிலான காத்திருப்பை நாள்கணக்காக எழுதிவைத்துக் குறைப்பதும் முதலாளிகளின் வேலை. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் உட்காரும் இருதரப்புக்கும் ஒரு வேண்டுகோள்: பீஸ் ரேட் பட்டியலை விரிக்கும் முன், கடைசி பத்து ஆர்டர்களில் எத்தனை நாள் எங்கே வீணானது என்ற பட்டியலை மேசையில் வையுங்கள்.