வணிகர்களுக்கும் வேண்டும் தற்காப்புப் பயிற்சி



சமீப காலமாகச் சங்கக் கூட்டங்களில் ஜி.எஸ்.டி., ஆன்லைன் வியாபாரம், கடை வாடகை ஆகியவற்றோடு இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. உறுப்பினர்களுக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதே அது. சிலர் கராத்தே என்கிறார்கள். சிலர் சிலம்பம் என்கிறார்கள். "ஐம்பது வயதுக்கு மேல் நமக்கு எதற்கு இந்த வேலை?" என்று சிரிப்பவர்களும் உண்டு. நம்மைக் கேட்டால் இது சிரித்துத் தள்ளும் விஷயம் அல்ல. அதே சமயம் பத்து நாள் முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து முடித்துவிடும் விஷயமும் அல்ல.

முதலில் நமது உடம்பைப் பார்ப்போம். காலை 6 மணிக்குத் திறக்கும் மளிகைக் கடை இரவு 10 மணிக்குத்தான் ஷட்டர் இறங்குகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. டீயும் வடையும் இருந்த இடத்துக்கே வந்துவிடுகின்றன. நாற்பதில் தொப்பை, நாற்பத்தைந்தில் சர்க்கரை, ஐம்பதில் முழங்கால் வலி என்பது நம் தொழிலோடு வரும் வரவு போல ஆகிவிட்டது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. நம்மில் எத்தனை பேர் அதில் பாதியாவது செய்கிறோம்?

அடுத்தது பணம். க்யூ.ஆர். கோடு வந்த பிறகு கல்லாவில் ரொக்கம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் லைன் வசூலுக்குப் போகும் பையனின் கையிலும், தீபாவளி, பொங்கல் சீசனில் கடை அடைத்துவிட்டுப் போகும் முதலாளியின் பையிலும் இன்றும் ரொக்கம் இருக்கிறது. நமது கடைவீதியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சில்லறை வியாபாரி இரவில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது பைக்கில் வந்த இருவர் பையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் விடவில்லை. வண்டியோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பையில் இருந்ததைப் போல் பல மடங்கு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கடை ஐந்து மாதம் சரியாக நடக்கவில்லை. அவரை யாரும் அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விழுந்ததில்தான் எலும்பு முறிந்தது.

ஆகவே எந்தக் கலையைக் கற்றாலும் முதல் பாடம் ஒன்றுதான்: கத்தி காட்டினால் பையை விட்டுவிட வேண்டும். போன பணத்தை ஆறு மாத வியாபாரத்தில் எடுத்துவிடலாம். கத்தியை வெறுங்கையால் பிடிக்கக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

அப்படியானால் கலை எதற்கு என்று கேட்கலாம். பின்னால் வருபவனைக் கவனிக்கும் பழக்கத்துக்கு. எட்டாத தூரத்தில் நிற்கும் காலடிக்கு. பதறி உறைந்து போகாமல் சத்தம் போட்டு விலகி ஓடும் தெம்புக்கு. விழுந்தாலும் எலும்பு உடையாமல் எழுவதற்கு. ஆபத்து வாழ்நாளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். உடம்பு தினமும் நம்மோடு இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் நன்மையே பெரிய லாபம்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? ஒகினாவா தீவில் வளர்ந்த கராத்தேயில் குத்தும் உதையும் தடுப்பும் உண்டு. தனியாகவும் பயிலலாம், ஆசிரியர்களும் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறார்கள். கொரியாவின் டேக்வாண்டோவில் உயரமான உதைகள் அதிகம். பிள்ளைகளுக்கு நல்லது, தேய்ந்த முழங்காலுக்கு ஆகாது. 1882-ல் ஜிகோரோ கானோ என்ற ஜப்பானிய ஆசிரியர் தொடங்கிய ஜூடோவில் அடியும் உதையும் இல்லை, பிடிப்பதும் வீழ்த்துவதும்தான். அதில் முதலில் கற்றுத்தருவதே அடிபடாமல் விழும் முறை. கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கும், கடையைக் கவனிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் அது பயன்படும். ஆனால் மெத்தை விரித்த கூடம் வேண்டும். குத்துச்சண்டை மூச்சுக்கும் காலுக்கும் நல்ல பயிற்சி. தலையில் அடி வாங்கும் போட்டி மட்டும் நடுவயதினருக்கு வேண்டாம். கேரளத்தின் களரிப்பயட்டு முதலில் உடலை வளைத்து, பிறகே ஆயுதத்துக்குப் போகும். பொறுமையும் ஆண்டுக்கணக்கில் நேரமும் உள்ளவர்களுக்கு அது ஏற்றது.

நாற்பதைத் தாண்டிய நம் உறுப்பினர்களுக்கு நமது பரிந்துரை சிலம்பம். ஊர்ப்பாசத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு போதும்; செலவு குறைவு. ஒருவர் மேல் ஒருவர் விழவேண்டியதில்லை. காலடியும் வீச்சும் அரை மணி நேரம் செய்தால் தோள், மணிக்கட்டு, இடுப்பு, கால் எல்லாம் வேலை செய்யும். மொட்டை மாடியில் தனியாகவும் பழகலாம். குறுகிய சந்தில் நீளக் கம்பு சுற்ற முடியாது என்பார்கள், சரிதான். ஆனால் கம்பில் பழகிய கைக்குக் குடையும், ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியும் அந்நியம் அல்ல. கிராமத்துத் திருவிழாவோடு நின்றுவிட்டதாக நினைத்த இக்கலை, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

கலையின் பெயரைவிட ஆசிரியர் முக்கியம். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் அரிசி எடுப்பதில்லை. பயிற்சிக் கூடத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். மூன்று வருடமாக வரும் மாணவர்கள் இருக்கிறார்களா? நம் வயதுக்காரர்கள் உண்டா? உடம்பைச் சூடேற்றிய பிறகு ஆரம்பிக்கிறாரா? ரத்த அழுத்தம், சர்க்கரை, குடலிறக்கம் பற்றி விசாரிக்கிறாரா? ஆறு மாதத்தில் கறுப்புப் பட்டை என்பவரையும், ஒரு தொடு வர்மத்தில் ஆளைச் சாய்க்கலாம் என்பவரையும், முழு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பவரையும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கடுமையாகப் பயின்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் மண் தரையில் இறங்கக் கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமைப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. நம் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம். திருட்டு, கொள்ளையிலிருந்து சொத்தையும் காக்கலாம். ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யச் சட்டம் இடம் தரவில்லை. பிடிபட்டவனைக் கரண்ட் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பது சில கடைவீதிகளில் வீரம் என்று நினைக்கப்படுகிறது. அது தற்காப்பு அல்ல, குற்றம். அதற்கு நம் மேல்தான் வழக்கு வரும். பிடித்தால் போலீசில் ஒப்படைப்பதோடு நம் வேலை முடிந்தது. மாமூல் கேட்டு மிரட்டுபவர்களுக்கும் கம்பு பதில் ஆகாது. கேமரா பதிவோடு சங்கத்தின் மூலம் புகார் கொடுப்பதே பதில்.

முடிவாக நமது வேண்டுகோள். சங்கக் கட்டிடத்தின் மாடியும் பின்புறக் காலி இடமும் காலையில் சும்மா கிடக்கின்றன. தினமும் 5 மணி முதல் 6 மணி வரை அவற்றைத் திறந்துவிட்டு, நல்ல சிலம்ப ஆசிரியர் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்த நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். நம் கடைப் பையன்களிடமும் லோடுமேன்களிடமும் கட்டணம் வாங்கக் கூடாது. வசூலுக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். ஆபத்தும் முதலில் அவர்களுக்குத்தான். ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும் பணத்தில் இருபது பேருக்குக் கம்பு வாங்கிவிடலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.